எங்கள் நகருக்குப் பக்கத்தில் வாரியக் குடியிருப்பு: மனுவில் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

#1 பணிநிறைவு வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2011-இல் பி.எஃப். பணத்தைப் போட்டு, மனைப்பிரிவாகப் போட்ட ஒரு நகரில் ஆறு சென்ட் வாங்கி வீடு கட்டினேன். மொத்தம் 140 மனை. வீடு எழும்பியிருப்பது அறுபதில்தான், அதிலும் பாதி பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் துபாய், சிங்கப்பூர், சென்னை. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவார்கள். சுற்றிலும் மதில், கடல் பக்கம் ஒரு கேட், ஒரு காவலாளி.

நகரை ஒட்டி ஏறக்குறைய மூன்று ஏக்கர் அரசு புறம்போக்கு இருக்கிறது. கரையோரக் குடிசைகளில் இருப்பவர்களுக்காக அங்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) 96 வீடு கொண்ட அடுக்குமாடி வரப்போவதாகப் பேச்சு. எங்கள் நலச் சங்கம் உடனே கூடி, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கொடுக்க ஒரு மனு தயார் செய்துவிட்டது. மனை விலை இறங்கும், குடிநீர் போதாது, கழிவுநீர் தேங்கும், பாதுகாப்பு கெடும், இயற்கை எழில் பாழாகும் என்று ஐந்து காரணம். மாற்று இடமும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்: ராமநாதபுரம் போகும் வழியில் 11 கிலோமீட்டர் உள்ளே, சீமைக்கருவேலம் மண்டிய ஒரு புறம்போக்கு.

தமிழ் வாத்தியார் ஆயிற்றே என்று என்னிடம் பிழை திருத்தக் கொடுத்தார்கள். ஒற்று, சந்தி எல்லாம் திருத்திக்கொண்டே வந்தேன். நான்காவது காரணத்தில் 'சமூக விரோதிகள்' என்று ஒரு சொல் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. ஆனாலும் பேனா அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு மீன் கொண்டு வரும் அம்மா அந்தக் குடிசையில் இருந்துதான் வருகிறார்.

சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் கருத்து என்ன?

#2 மனை புரோக்கர்

ஐயா, நான் தரகுத் தொழிலில் 22 வருஷமாக இருக்கிறேன். விலை விஷயத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கரையில் மனை வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி தண்ணீர். உப்பா, நல்ல தண்ணீரா, எத்தனை அடியில்? இரண்டாவது பட்டா. மூன்றாவது, கடலில் இருந்து எத்தனை மீட்டர், சி.ஆர்.இசட். என்கிற கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் மாட்டுமா? இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் விலை விழும். ராமேஸ்வரம் போகும் ரோடு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு ஏறும்.

நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "பக்கத்தில் ஏதும் காலனி இருக்கா?" அவர் கேட்பது சாதியை. ஏழையா பணக்காரரா என்பது அதற்கு அப்புறம்தான். அரசு ஆவணங்களில் இருந்து 'காலனி' என்ற சொல்லை எடுப்பதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டசபையில் அறிவித்தார். கேட்பவர்கள் இப்போது "பக்கத்துல யார் இருக்காங்க?" என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே விலை இறங்கவே இறங்காது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த நான்காவது கேள்வி கேட்பவர் வாங்காமல் போவார். ஆனால் உங்கள் நகரில் பத்து வருஷமாக விலை ஏறாததற்குக் காரணம் அது இல்லை. போர் போட்டால் உப்புத் தண்ணீர், அதுதான் காரணம். அதை யாரும் மனுவில் எழுதுவதில்லை.

#3 பாசிக்காரி மகள்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். என் அம்மா கடல்பாசி எடுப்பவர். நான் சென்னையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் குடிசை மாதிரி ஒன்றில்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன்.

அந்த 11 கிலோமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாசிக்குப் போவதற்குக் கடிகாரம் கிடையாது, நீர் வற்றும் நேரம்தான் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று எங்கள் பக்கத்துப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் இல்லையா. அந்த 12 நாளும் அம்மா விடியுமுன் எழுந்து, கண்ணாடி, கைக்குத் துணிச்சுற்று, காலுக்குத் தகடு செருப்பு, இடுப்பில் பை எல்லாம் எடுத்துக்கொண்டு நடந்தே கரைக்குப் போவார். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டியிருக்கும், இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி முங்கிப் பிய்க்க வேண்டும். திரும்பி வந்து ஈரப் பாசியை மணலில் விரித்துக் காயப்போட வேண்டும். நாய், ஆடு மிதிக்காமல் பார்க்க வேண்டும். மழை இருட்டினால் ஓடி வந்து அள்ள வேண்டும். வீடு கரையில் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

11 கிலோமீட்டர் உள்ளே வீடு கொடுத்தால்? விடிகாலை மூன்று மணிக்குப் பஸ் இல்லை. ஷேர் ஆட்டோ ஈரப் பாசி மூட்டையை ஏற்றாது, ஏற்றினாலும் அன்றைய கூலியில் பாதி அதற்கே போய்விடும். அம்மா ஒரு மாதம் முயற்சி செய்வார். அப்புறம் கரையில் ஒரு மரத்தடியில் தார்ப்பாய் கட்டிவிடுவார். மறுபடி ஒரு குடிசை.

சென்னையில் இதைக் கண்ணால் பார்க்கிறேன். கடலோரத்தில் இருந்தவர்களையும் கூவக்கரையில் இருந்தவர்களையும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் வைத்தார்கள். எங்கள் வார்டுக்கு வரும் பெரும்பாக்கத்து அக்கா ஒருவர் வீட்டு வேலைக்காக மயிலாப்பூருக்கு இரண்டு பஸ் மாறி வருகிறார். வீடு சிமெண்ட் வீடுதான், பூட்டுப் போட்டுக்கொள்ளலாம், மழை ஒழுகாது. அதை அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "ஆனா ஊர் எங்கயோ, நாங்க எங்கயோ" என்பார்.

#4 கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். வாத்தியார் சொல்லும் பூட்டிய வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரன் என்று என்னை வைத்துக்கொள்ளுங்கள். அதே நகர் இல்லை, ஆனால் கதை அதே.

19 வருஷம் துபாயில் இருந்து சேர்த்த காசு. பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்ததில்லை, அந்த வீட்டைத்தான் செங்கல் செங்கலாக போனில் பார்த்து வளர்த்தேன். அதன் பக்கத்தில் ஏதோ வருகிறது என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். அதற்காக எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

எனக்குத் திருட்டுப் பயம் பெரிதாக இல்லை. பூட்டிய வீட்டைத் திருடுபவன் 11 கிலோமீட்டரில் இருந்தும் வருவான். என் பயம் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் இப்போதே வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது என்று ஊரில் இருப்பவர்களைக் கேளுங்கள். 96 குடும்பம் அதே குழாயில் சேர்ந்தால் லாரித் தண்ணீர்தான். முதலில் மேல்நிலைத் தொட்டியைக் கட்டட்டும், அப்புறம் வீட்டைக் கட்டட்டும் என்று மனு எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேன்.

இன்னொன்று. கீழக்கரைப் பழைய தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய வீட்டின் பின்வாசல் சந்தில்தான் அந்த வீட்டில் வேலை செய்பவர்களின் வீடு இருக்கும். கிணறு பெரிய வீட்டில், தண்ணீர் எல்லோருக்கும். அதைச் சமத்துவம் என்று சொல்ல மாட்டேன், யார் முன்வாசல் யார் பின்வாசல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மதில் கட்டிக் கேட் போட்டது என் தலைமுறைதான்.

#5 கடலூரான்

இதெல்லாம் சரி. இலவசமா வீட்டை வாங்கி அடுத்த மாசமே வாடகைக்கு விட்டுட்டு மறுபடி கரைக்கே வந்து குடிசை போடுவாங்க. எத்தனை ஊர்ல பாத்தாச்சு. வரிப்பணம் தண்டம்.

#6 நியூஜெர்சி முகவைக்காரன்

பரமக்குடி பக்கம் பிறந்து, இப்போது அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கிறேன். இதே சண்டை முப்பது வருஷம் நடந்த ஊர் ஒன்று என் வீட்டில் இருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கிறது. மவுண்ட் லாரல் என்று பெயர்.

ஒரு காலத்தில் விவசாய ஊர். பிலடெல்பியாவுக்குப் பக்கம் என்பதால் வசதியானவர்கள் வந்து பெரிய மனைகளில் வீடு கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த கறுப்பினக் குடும்பங்கள் பழைய கோழிக் கொட்டகையைக்கூட வீடாக மாற்றி இருந்து பார்த்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு 36 சிறு அடுக்கு வீடு கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். வசதி இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்று மேயரே தேவாலயத்தில் வந்து சொன்னார். எத்தல் லாரன்ஸ் என்ற ஆசிரியை வழக்குப் போட்டார். ஒவ்வொரு ஊரும் வசதி குறைந்தவர்களுக்கான வீட்டில் தன் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்று 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஊர்கள் அசையவில்லை. 1983-இல் இன்னும் கடுமையாக இரண்டாவது தீர்ப்பு. வீடுகள் திறந்தது 2000-இல்தான், அந்த அம்மா 1994-லேயே இறந்துவிட்டார். அவர் பெயரைத்தான் குடியிருப்புக்கு வைத்திருக்கிறார்கள். 140 வீடு.

அப்புறம்தான் சுவாரசியம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மாஸி குழு, வீடு வருவதற்கு முன்னும் பின்னும் அந்த ஊரையும் அதேபோன்ற பக்கத்து ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மனை விலை, குற்றம், வரி மூன்றிலும் அந்த வீடுகளால் ஒரு மாற்றமும் இல்லை. கூட்டத்தில் நின்று கத்திய ஊரில், பக்கத்தில் அப்படி ஒரு குடியிருப்பு இருப்பதே தெரியாத அக்கம்பக்கத்தவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு ஆய்வும் உண்டு. 1994-இல் தொடங்கி பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பெரியவர்களின் சம்பாத்தியம் கூடவில்லை. ஆனால் 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்த பிறகு மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பதின்வயதில் போன பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை, கொஞ்சம் நஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். பழகிய இடத்தை விட்டுப் போவதிலும் ஒரு விலை இருக்கிறது போல.

வாத்தியார் ஐயா, மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது என் கருத்து.

#7 வலைக்காரன் மகன்

நியூஜெர்சி அண்ணே, நல்ல கதை. கோழிக் கொட்டகை விஷயம் இன்றைக்குத் தூங்க விடாது. ஆனால் ஒரு இடத்தில் கதை தலைகீழாக இருக்கிறது.

நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன ஆய்வில் ஏழையைக் கொண்டுபோய் வசதியானவர்கள் இருக்கும் இடத்தில் வைக்கிறார்கள். இங்கே நாங்கள் எங்கேயும் போகவில்லை. அந்த 140 மனை இருக்கும் இடத்தில் என் தாத்தா கருவாடு காயப்போட்டார். கரைவலை இழுத்து முடிந்ததும் வலையை விரித்துப் பொத்தல் பார்ப்பது அந்த மணல்மேட்டில்தான். யாரிடமும் பட்டா இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அப்புறம் ஒருநாள் கல் நட்டார்கள், கொடி கட்டினார்கள், நகருக்கு ஒரு பூவின் பெயர் வைத்தார்கள். மணல்மேட்டைச் சமப்படுத்தி ரோடு போட்டார்கள்.

வாத்தியார் சார், உங்கள்மேல் கோபம் இல்லை. நீங்கள் காசு கொடுத்துச் சட்டப்படி வாங்கினீர்கள். ஆனால் 'எங்கள் நகருக்குப் பக்கத்தில் குடிசைக்காரர்களைக் கொண்டு வருகிறார்கள்' என்று மனு சொல்கிறதே, அந்தக் 'கொண்டு வருகிறார்கள்' என்ற வினைச்சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். பிழை அதில்தான் இருக்கிறது.

2011-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே, மீனவர்களின் எதிர்கால வீட்டுத் தேவையைக் கணக்கில் எடுத்துத் திட்டம் போடச் சொல்கிறது. சுனாமிக்குப் பிறகு 2005-இல், 200 மீட்டருக்கு உள்ளே இருப்பவர்கள் விரும்பினால் வெளியே புது வீடு, விரும்பாவிட்டால் இருக்கும் இடத்தில் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று அரசாணை போட்டார்கள். இரண்டிலும் மீனவன் கடலுக்குப் பக்கம் இருக்க வேண்டியவன் என்ற ஒப்புதல் இருக்கிறது. 11 கிலோமீட்டர் என்பது சங்கத்தின் கண்டுபிடிப்பு.

கடலூரான் அண்ணனுக்கு: வாடகைக்கு விடுவது உண்மைதான். எந்த வீட்டை விடுகிறார்கள் என்று பாருங்கள். கடலில் இருந்து தூரமாக இருக்கும் வீட்டை.

#8 சைட் இன்ஜினியர்

கட்டடக்காரன் பேச்சும் கொஞ்சம் கேளுங்கள். பக்கத்தில் வேண்டுமா வேண்டாமா என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். அங்கே என்ன கட்டப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

96 வீடு, தரைத்தளத்தோடு மூன்று மாடி என்றால் பாதிக்கு மேல் குடும்பங்கள் மாடியில். நாட்டுப்படகுக்காரர் வெளிப்பொருத்து இன்ஜினை இரவில் கரையில் விட்டு வர மாட்டார், தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டு வருவார். வலை, மிதப்பு, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய் கேன். இதையெல்லாம் மூன்றாவது மாடிக்கு யார் ஏற்றுவது? 400 சதுர அடிக்குள் எங்கே வைப்பது? மாடிப்படியில் வைப்பார்கள். உடனே "இவர்களுக்கு அடுக்குமாடியில் இருக்கத் தெரியவில்லை" என்று ஒரு பேச்சு வரும்.

அடுத்தது உப்புக்காற்று. நம் கரையில் காங்கிரீட்டுக்குள் கம்பிக்குக் கவர், அதாவது கம்பியை மூடும் கனம், சரியாக விடாமல் ஊற்றினால் பத்தே வருஷத்தில் கம்பி துருப்பிடித்து, உப்பி, சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தனி வீடு என்றால் சொந்தக்காரர் அவ்வப்போது பூசிக்கொள்வார். அடுக்குமாடியில் வெளிச்சுவர் யாருடையது? எல்லோருடையதும் என்றால் ஒருவருடையதும் இல்லை. மாதப் பராமரிப்புக் காசு கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக் கூலிக்காரர் எதை எடுத்துக் கட்டுவார்?

பணமும் முழு இலவசம் கிடையாது, கடலூரான். மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அடுக்குமாடியில் வீட்டுக்கு 1.5 லட்சம் மத்தியப் பங்கு. மாநிலப் பங்கு தனி. மீதி பயனாளி பங்குத் தொகை என்று குடும்பத்தின் தலையில் விழும். அந்தத் தொகையைப் புரட்ட வட்டிக்கு வாங்கியவர்தான் வீட்டை வாடகைக்கு விடுகிறார். ஊரகப் பகுதி என்றால் கலைஞரின் கனவு இல்லம் இருக்கிறது, 360 சதுர அடி, 3.5 லட்சம், சொந்த மனையில் தனி வீடு. ஆனால் பட்டா வேண்டும். கரையில் பட்டா எங்கே இருக்கிறது?

என் யோசனை: 96-ஐ ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். அந்த மூன்று ஏக்கரில் தரையும் ஒரு மாடியும் மட்டும் உள்ள வரிசை வீடாக நாற்பது, மிச்சம் இந்தக் கரையிலேயே வேறு இரண்டு துண்டு புறம்போக்கில். கீழே வலைக்கொட்டகை. செலவு கூடும். கூடினாலும் இருபது வருஷம் கழித்து ஆள் இருக்கிற வீடாக இருக்கும்.

#9 நியூஜெர்சி முகவைக்காரன்

வலைக்காரன் தம்பி சொன்னது சரி. மவுண்ட் லாரலில் வழக்குப் போட்டவர்களும் வெளியாட்கள் இல்லை, வந்தவர்களுக்கு முன்பே இருந்தவர்கள்தான். அந்தக் கோணத்தை நானே எழுதிவிட்டு நானே கவனிக்கவில்லை.

இன்ஜினியர் சொன்ன 'வேறு இடத்தில்' என்பதில் மட்டும் ஜாக்கிரதை. இங்கே 1985-இல் ஒரு சட்டம் வந்தது. வசதியான ஊர் தன் பங்கில் பாதி வரை, பக்கத்து ஏழை நகரத்துக்குக் காசு கொடுத்துத் தள்ளிவிடலாம். பல ஊர்கள் அப்படியே செய்தன. 2008-இல்தான் அதை ஒழித்தார்கள்.

#10 சைட் இன்ஜினியர்

அண்ணே, நம் ஊரிலும் அதற்கு ஒரு தம்பி இருக்கிறான். சென்னைப் பெருநகரத்துக்கான 2008 விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டமாக இருந்தால் 10 சதவீத இடத்தில் குறைந்த வருமானக்காரர்களுக்குச் சிறு வீடு கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். கூடவே, திட்ட இடத்திலேயே கட்டலாம், இல்லையென்றால் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எங்கேயாவது கட்டலாம் என்றும் வைத்தார்கள். நீச்சல் குளம் உள்ளே, சிறு வீடு 2 கிலோமீட்டர் தள்ளி. நான் சொல்வது அது இல்லை, ஒரே கரையில் மூன்று துண்டு. கடலுக்கு நடை தூரம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

#11 பணிநிறைவு வாத்தியார்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வலைக்காரன் மகன் தம்பி, வினைச்சொல்லில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தன்வினை, பிறவினை நடத்தியவன் நான்.

எல்லோரும் சேர்ந்து இருக்கும் வீடு என்றதும் எனக்குச் சமத்துவபுரம் நினைவுக்கு வந்தது. தென் மாவட்டங்களில் 1997 சாதிக் கலவரங்களுக்கு நடுவே கலைஞர் அறிவித்த திட்டம். முதலாவது 1998-இல் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் திறந்தார்கள். 100 வீடு. ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 25, இதர வகுப்பினர் 10. வீடுகள் கலந்து கலந்து இருக்கும், இடுகாடும் பொது.

ஒரு சமத்துவபுரத்துப் பிள்ளைகள் வரும் பள்ளியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள், ஒரே தூக்குவாளியில் தின்பார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் கொஞ்சம் பிரிவார்கள், கோயில் திருவிழா சமயத்தில் இன்னும் பிரிவார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் கல்யாணப் பத்திரிகையை ஒருவருக்கொருவர் நேரில் போய் வைத்ததை எனக்குத் தெரியும். பக்கத்து ஊர்களில் அது நடக்காது.

ஒரு குறை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் ஊருக்கு வெளியே தனியாகக் கட்டினார்கள். உள்ளே நூறு பேரும் கலந்தார்கள், ஊரோடு கலக்கவில்லை.

நாளை மாலை சங்கக் கூட்டம். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

#12 மண்டபத்துப் பையன்

இடையில் ஒரு சின்ன விஷயம். முகாமுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். மண்டபம் முகாமில் இலங்கைத் தமிழர்கள் இருக்கும் வரிசை வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப வைத்த இடைத்தங்கல் முகாம் அது. 'கொஞ்ச நாளைக்கு' என்று வைப்பது எத்தனை தலைமுறை ஓடும் என்று அங்கே போய்ப் பார்க்கலாம். 2021-இல்தான் மாநிலம் முழுக்க முகாம்களில் 7,469 வீடு புதிதாகக் கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. அதனால் 11 கிலோமீட்டர் தள்ளி 'தற்காலிகமாக' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவ்வளவுதான்.

#13 கடலூரான்

பாசிக்காரி மகள் எழுதினதையும் இன்ஜினியர் எழுதினதையும் படிச்சேன். பங்குத் தொகை கட்டணும்னு எனக்குத் தெரியாது. சரி. ஆனா தண்ணி விஷயத்துல காக்கா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே?

#14 பாசிக்காரி மகள்

கடலூரான் அண்ணே, அதற்கு நான் சொல்கிறேன். அந்தக் குடிசைக்காரர்கள் இப்போதும் தண்ணீர் குடிக்கிறார்கள். குடம் என்ன விலை என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். குழாயில் வாங்காமல் தள்ளுவண்டியில் வாங்குகிறார்கள், அவ்வளவே. ஆள் கூடப் போவதில்லை, குழாய்தான் கூட வேண்டும். காக்கா சொன்ன மேல்நிலைத் தொட்டியை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 'தொட்டி கட்டும் வரை வீடு வேண்டாம்' என்று எழுதாதீர்கள், தொட்டி வராது, வீடும் வராது. 'இரண்டையும் சேர்த்துக் கட்டு' என்று எழுதுங்கள்.

#15 கீழக்கரை காக்கா

தங்கச்சி சொன்னது நியாயம். சேர்த்தே எழுதலாம்.

ஒன்று சொல்லாமல் விட்டேன், சொல்லிவிடுகிறேன். துபாய் போன புதிதில் சோனாப்பூர் பக்கம் லேபர் கேம்பில் இருந்தேன். ஒரு அறையில் எட்டுப் பேர். ஊரின் கண்ணாடிக் கட்டடங்களை நாங்கள்தான் துடைப்போம், இரவானால் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவார்கள். போகவர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத் தூக்கம் இன்றைக்கும் பாக்கி நிற்கிறது. 11 கிலோமீட்டர் என்று வாத்தியார் எழுதியதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் எங்கள் நகர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இதே மாதிரி யோசனைக்குக் கட்டைவிரல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

#16 பணிநிறைவு வாத்தியார்

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். நேரில் 23 பேர், போனில் ஒன்பது பேர்.

'சமூக விரோதிகள்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள், அதில் சண்டையே இல்லை. எழுதியவருக்கே கொஞ்சம் கூச்சம். 'இயற்கை எழில்' நான் சொல்லாமலே போய்விட்டது, ஏனென்றால் நம் நகரின் குப்பை எங்கே போகிறது என்று ஒரு அம்மா கேட்டுவிட்டார். குடிநீர், கழிவுநீர் இரண்டையும் கோரிக்கையாக மாற்ற ஏறக்குறைய எல்லோரும் சம்மதம்.

மனை விலையில்தான் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "வாத்தியாரே, என் மகள் கல்யாணத்துக்கு இந்த மனையைத்தான் விற்கணும், நீங்க நியாயம் பேசுவீங்க, நஷ்டம் நான் படணுமா?" என்றார். அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. மவுண்ட் லாரல் கதையைச் சொன்னேன். "அது அமெரிக்கா" என்றார். புரோக்கர் சொன்ன உப்புத் தண்ணீர் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார், ஆனால் கையெழுத்தை எடுக்கவில்லை.

கடைசியில் இரண்டு மனு என்று ஆகிவிட்டது. பழையதில் 18 கையெழுத்து, புதியதில் என்னோடு சேர்த்து 11. மூன்று பேர் இரண்டிலும் போடவில்லை. புதியதில் இன்ஜினியர் சொன்ன தரையும் ஒரு மாடியும், வலைக்கொட்டகை, கடலுக்கு நடை தூரம், மேல்நிலைத் தொட்டி நான்கையும் எழுதியிருக்கிறேன்.

குடிசைப் பகுதியில் யாரையும் கேட்காமல் இதை எழுதியிருக்கிறோம் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. காலையில் மீன் அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்.

#17 மனை புரோக்கர்

வாத்தியார் ஐயா, கடல் பக்கம் ஒரு கேட் இருப்பதாக முதலில் எழுதினீர்களே. அந்த வழி மனைப்பிரிவு வருவதற்கு முன்பே இருந்ததா?

#18 வலைக்காரன் மகன்

இருந்தது அண்ணே. வண்டிப்பாதை. மீன் வண்டி அதில்தான் வரும். இப்போது ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். சுற்றிக்கொண்டு போக இருபது நிமிஷம்.

#19 மனை புரோக்கர்

அப்படியென்றால் சர்வேயரிடம் அந்தப் புல எண்ணுக்குப் புலப்படம் வாங்கிப் பாருங்கள். பழைய படத்தில் பாதை புறம்போக்கு என்று கோடு இருந்தால் அதில் கேட் போட யாருக்கும் உரிமை கிடையாது. 96 வீடு என்றைக்கு வருமோ தெரியாது. இதற்குப் படம் ஒன்று போதும்.

#20 பணிநிறைவு வாத்தியார்

வாங்கினேன். கோடு இருக்கிறது. கடல் வரைக்கும் போகிறது.

மீன் அம்மாவிடம் மனுவையும் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "வலைக்கொட்டகைக்குக் கதவு வைக்கச் சொல்லு சார், பூட்டு நாங்க வாங்கிக்கிறோம்" என்றார். சேர்த்திருக்கிறேன். கேட் விஷயத்தைச் சங்கத் தலைவரிடம் படத்தோடு பேசப் போகிறேன், அநேகமாக இன்னொரு கூட்டம் போடுவார்கள்.

பாசிக்காரி மகளுக்கு ஒரு வேண்டுகோள் அம்மா: அடுத்த அமாவாசைக்கு நீர் வற்றும் நேரம் என்ன என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். கூட்டம் எப்போது நடந்தாலும், அதுவரை காவலாளியிடம் சாவி வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எனக்கு எப்படியும் மூன்று மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை.

#21 பாசிக்காரி மகள்

அம்மாவிடம் கேட்டேன் ஐயா. 3:40 என்றார். கொஞ்சம் முன்னே திறந்தால் நல்லதாம், நடந்து போய்ச் சேர வேண்டும் இல்லையா.